கூலி என்னும் சொல் கடல் கடந்த வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று அன்பர்கள் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நாம் சில நாள் எண்ணமிட்டுக் கொண்டிருந்தோம். 1555இல் போர்த்துகீசியர் கட்டிக் கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனை உண்டு. 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயம் உண்டு. இவ்விரண்டைப் பற்றியும் அறிஞர் பலர் முன்னரே எழுதிவிட்டனர். நமக்கு வேறொரு பொருளை எடுத்துக் கொடுத்தவன் நம் காலனியைச் சேர்ந்த பள்ளிச் சிறுவன் ஒருவன்.

அச்சிறுவன் வீட்டுப் பாடத்துக்காக ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டிக் கொண்டிருந்தான். அதில் 'கூலி' என்னும் சொல் ஆங்கில எழுத்தில் அச்சாகி இருப்பதைக் கண்டு, "இது நம் சொல்லாயிற்றே!" என்று மகிழ்ந்தான். பிறகு பொருளைப் படித்தான். ஆசிய நாடுகளைச் சேர்ந்த உடலுழைப்பாளியைக் குறிக்கும் சொல் என்றும், பிறரை இழித்துரைக்கும் வசைச்சொல் என்றும் அங்கே விளக்கம் தந்திருந்தனர். சிறுவனுடைய முகம் வாடியது. அவனுடைய தாத்தா நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பஜார் ரோட்டில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் முதுகில் சுமந்தவர். அவரிடம் ஓடிச் சென்று, "தாத்தா, உங்களை இப்படியா கூப்பிட்டார்கள்?" என்று கேட்டான். அம்முதியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "கூப்பிட்டவங்களும் உண்டு கண்ணு. ஆனா கூலிங்கிறது நான் வாங்கினது. நான் கூலி இல்லை" என்றார்.

இவ்விடையை அச்சிறுவனின் தந்தையார் நம்மிடம் கூறக் கேட்டபோது, பல நூல்கள் பல பக்கங்களில் விரித்துரைக்கும் செய்தியை அம்முதியவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்று நமக்குத் தோன்றியது. வாங்கும் பொருளின் பெயர் வாங்குபவனின் பெயராக எப்போது மாறியது? அதனை மாற்றியவர் யார்? அப்பெயரைச் சுமந்தவர்கள் என்ன பாடுபட்டனர்? இவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் கூலி

கூலி என்பது பழமையான தமிழ்ச் சொல். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இச்சொல்லை ஆண்டுள்ளார். தெய்வம் கைகொடாத இடத்தும், உடல் வருந்த முயன்றவனுக்கு அவ்வருத்தத்தின் அளவுக்கேற்ற பயன் உண்டு என்பது அவர் கருத்து. அப்பயனைக் குறிக்க அவர் தேர்ந்தெடுத்த சொல் கூலி என்பதே. எனவே, நம் முன்னோர் இச்சொல்லை இழிவான பொருளில் வழங்கவில்லை என்பது தெளிவு. உழைப்புக்கு உரியதாய், ஒருவரும் மறுக்கக் கூடாததாய் உள்ள பயனே கூலி எனப்பட்டது.

தமிழில் மட்டுமன்றி மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகிய மொழிகளிலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. தென்னாட்டு மொழிகள் ஒரு குடும்பம் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. நாம் வாழும் கொச்சியில் இதன் வழக்கு இன்னும் விரிந்தது. பேருந்தில் ஏறிக் கட்டணம் கொடுத்தால் மலையாள அன்பர்கள் அதனை 'வண்டிக்கூலி' என்பர். தோணிக்காரனுக்குக் கொடுப்பது 'கடத்துக்கூலி'. நகைக்கடையில் தட்டானின் வேலைக்குரிய பணம் அவர்களுக்குப் 'பணிக்கூலி', நமக்குச் 'செய்கூலி'. மூட்டை தூக்குமிடத்தில் ஏற்றுகூலி, இறக்குகூலி என்கிறோம். நாள்தோறும் பெறுவது நாட்கூலி. நேர்மையற்ற வழியில் கைக்குள் வைப்பது கைக்கூலி. மனம் ஒன்றாது செய்யும் வேலையைக் கூலிக்கு மாரடித்தல் என்கிறோம்.

இவ்வழக்குகள் எல்லாவற்றிலும் கூலி என்பது கொடுக்கப்படும் ஒரு பொருளே. அதைப் பெறும் மனிதனைச் சொல்ல வேண்டுமாயின் கூலியாள், கூலிக்காரர் என்று வேறொரு சொல்லைச் சேர்க்கிறோம். 'ஆள்' என்னும் அச்சிறு சொல்லை நம் மொழி விடாது காத்து வந்தது. ஆங்கிலத்தில் அது மறைந்தது. ஊதியத்தின் பெயரே மனிதனின் பெயராயிற்று.

பிறப்பிடம் பற்றிய வழக்கு

ஆங்கிலத்திலுள்ள இச்சொல் தமிழிலிருந்துதான் சென்றதா என்பது பற்றி அறிஞரிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. 1855இல் இந்திய ஆட்சிச் சொற்களுக்கு அகராதி ஒன்றை வெளியிட்ட வில்சன் என்னும் வடமொழிப் பேராசிரியர், தமிழ்க் கூலியே இதன் மூலம் என்றார். 1886இல் யூல், பர்னெல் என்னும் இருவர் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பெயரில் ஆங்கில-இந்தியச் சொற்களுக்கு ஒரு பேரகராதி வெளியிட்டனர். அவர்களுடைய கொள்கை வேறு. குஜராத்திலும் அதனையடுத்த மேற்குக் கடற்கரையிலும் வாழும் 'கோலி' என்னும் மக்களின் பெயரே இச்சொல்லாயிற்று என்று அவர்கள் கருதினர். தமிழ்ச் சொல்லையும், துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ஒரு சொல்லையும் அவர்கள் அறிந்தே இருந்தனர். அவற்றையும் அங்கே எடுத்துக் காட்டியுள்ளனர். இன்றைய ஆங்கில அகராதிகள் பெரும்பாலும் கோலியையும் கூலியையும் ஒருங்கே குறிப்பிட்டு அமைகின்றன.

இவ்வழக்கை மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு நோக்குவது சுவையானது. குஜராத்தி ரோட்டில் பல தலைமுறைகளாக வாழும் குஜராத்தி வணிகக் குடும்பங்களும், அவர்களுடைய பண்டகசாலைகளில் மூட்டை சுமந்த தமிழ்க் குடும்பங்களும் ஒரே தெருவின் இரு முனைகளில் வாழும் ஊர் இது. அகராதியில் வழக்காடும் இரு தரப்பாரும் இங்கே அண்டை வீட்டார். கோலி மக்கள் மீன்பிடித்தும் நிலம் உழுதும் கடலோடியும் வாழ்ந்த பெருங்குடியினர். மும்பைத் தீவுகளின் பழங்குடிகளும் அவர்களே. அவர்கள் பெயரும் பிறரால் வசையாக்கப்பட்டது என்றால், அவ்வருத்தத்தில் நமக்கும் பங்கு உண்டு.

நம் கருத்தை இங்கே சொல்லிவிடுவோம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஒருபுறம் டையூ, டாமன் ஆகிய குஜராத்துக் கரைகளிலும், மறுபுறம் கொச்சி, நாகப்பட்டினம் ஆகிய தென்கரைகளிலும் தங்கி வாணிகம் செய்தனர். வடகரையில் 'கோலி' என்ற பெயர் அவர்கள் காதில் விழுந்தது. தென்கரையில் சரக்கை இறக்கியவுடன் 'கூலி' என்று நீட்டிய கைகளைக் கண்டனர். ஒலியால் நெருங்கிய இரு சொற்கள் அயலார் நாவில் ஒன்றாகிப் போவது இயல்பு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியார் சென்னையில் கோட்டை கட்டிக்கொண்டபோது, நாள் வேலையாளைக் குறிக்கும் பெயராக இச்சொல் அவர்களுடைய ஏடுகளிலும் இடம்பெற்றது. அவர்கள் வாழ்ந்ததோ தமிழ் நிலம். அன்றாடம் கொடுத்ததோ கூலி. ஆதலின், கோலி என்ற பெயர் வித்தாக இருந்திருப்பினும், அது வேரூன்றி வளர்ந்தது தமிழ் மண்ணில்தான் என்று கொள்வதில் பிழை இல்லை.

மனிதனின் பெயரானது

சொல் பிறந்த இடத்தைவிட, அது சென்ற இடங்களே நம் நெஞ்சை உருக்குவன. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தீவுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி 1834இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மாற்றாக ஆள் தேடினர். 1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரை மொரீஷியஸ் தீவில் கொண்டு சேர்த்தது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றும் முறை அதன்பின் பரவியது. சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் இவ்வாறு சென்றவர் 1,52,184 பேர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணோடு பெயரையும் ஊரையும் உடலிலுள்ள அடையாளத்தையும் ஏட்டில் பதிந்தனர்.

இலங்கைக்குச் சென்றவர் கதை வேறு விதம். அங்கே ஒப்பந்தக் கப்பல் இல்லை, கங்காணி இருந்தான். அவன் ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் திரட்டினான். அம்முன்பணம் தீராத கடனாக வளர்ந்தது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், கடன் தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய துரை அக்கடனைக் கொடுத்த பிறகே பழைய துரை ஆளை விடுவான். இத்துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கழுத்தில் கட்டி, அதைக் கொண்டே இன்ன தோட்டத்துக்கு உரிய ஆள் என்று அறிந்து அனுப்பும் முறையும் அங்கு இருந்தது. தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகளுக்குக் 'கூலி லயம்' என்று பெயர். அவர்களை வேலை வாங்குவதற்கு வேண்டிய அளவு மட்டும் தமிழைக் கற்பிக்கும் கையேடுகளைத் துரைமார் அச்சிட்டுக்கொண்டனர். அவற்றுள் ஒன்றின் பெயரே 'கூலித் தமிழ்' என்பது. வள்ளுவர் எழுதிய மொழிக்கு அத்தோட்டங்களில் கிடைத்த பெயர் அது!

இவ்வாறு சென்ற சொல் உலகெங்கும் பரவியது. மலாய் மொழியிலும் டச்சு மொழியிலும் பிரெஞ்சிலும் அது புகுந்தது. சீனர் இச்சொல்லைத் தம் எழுத்தில் எழுதுங்கால், ஒலியும் பொருந்த, பொருளும் பொருந்த, 'கசப்பு', 'வலிமை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துக்களைத் தெரிந்தெடுத்தனர். கசந்த உழைப்பு என்பது அதனால் விளங்கும் பொருள். சீனத் தொழிலாளரும் அதே காலத்தில் அதே பெயரோடு அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் பெருவுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் பட்ட துன்பம் அவ்வெழுத்துக்களிலேயே பதிந்துள்ளது.

ஒரு தொழிலைக் குறித்த பெயர் பின்னர் ஓர் இனத்தையே குறிக்கலாயிற்று. 1885ஆம் ஆண்டு டிரான்ஸ்வால் நாட்டில் ஆசிய மக்களின் உரிமைகளைச் சுருக்கி இயற்றப்பட்ட சட்டம், கூலிகள் எனப்படுவோர், அராபியர், மலாய்க்காரர் என்று வகுத்துச் சொன்னது. வணிகரும் கல்வியாளரும் அச்சட்டத்தின் கண்ணுக்குக் கூலிகளே ஆயினர்.

பாலசுந்தரத்தின் தலைப்பாகை

1893இல் டர்பன் துறையில் இறங்கிய காந்தியடிகள் இவ்வுண்மையைத் தம் உடலாலேயே அறிந்தார். தம்மைக் கூலிப் பாரிஸ்டர் என்றும், இந்திய வணிகரைக் கூலி வியாபாரிகள் என்றும் வெள்ளையர் அழைத்ததைத் தம் சுயசரிதையில் அவர் எழுதியுள்ளார். சொல்லின் மூலப்பொருள் மறைந்து, இந்தியர் அனைவருக்கும் அது பொதுப்பெயராகிவிட்டது என்பது அவர் கூற்றின் கருத்து.

அந்நாட்டில் இந்தியருக்கு வழங்கிய மற்றொரு பெயர் 'சாமி' என்பது. இராமசாமி, முத்துசாமி என்று முடியும் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு வெள்ளையர் ஏளனமாக வைத்த பெயர் அது. 'சாமி என்றால் தலைவன் என்று பொருள். நான் உமக்குத் தலைவன் அல்லன்' என்று நகைச்சுவை உணர்வுடைய இந்தியர் திருப்பிச் சொல்வதுண்டு என்றும் காந்தியடிகள் எழுதுகிறார். தம் பெயரைப் பிறர் வசையாக்கியபோது, அப்பெயரின் பொருளை எடுத்துச் சொல்வதே அவ்வெளியவர் கண்ட மறுமொழி. சொல்லின் வரலாற்றை அறிந்திருப்பதன் பயன் இதுதான்.

1894இல் ஒருநாள், கிழிந்த உடையும் உடைந்த முன்பற்களும் குருதி வழியும் வாயுமாய் ஒரு தமிழ்த் தொழிலாளி காந்தியடிகளின் அலுவலகத்துக்கு அழுதுகொண்டு வந்தார். அவர் பெயர் பாலசுந்தரம். முதலாளி அடித்த அடியில் பற்கள் உடைந்திருந்தன. தம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒப்பந்தத் தொழிலாளர் வெள்ளையர் முன்னிலையில் தலைப்பாகையுடன் நிற்கலாகாது என்பது அங்கிருந்த வழக்கம். தம்முன்னும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று அவர் எண்ணியது காந்தியடிகளை வருத்தியது. தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி அவர் பணித்தார். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைத் தாம் கண்டதாக அவர் குறித்துள்ளார். பின்னர் மருத்துவரிடம் சான்று பெற்று, நீதிபதியிடம் சென்று முறையிட்டு, பாலசுந்தரத்தின் ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். இச்செய்தி ஒப்பந்தத் தொழிலாளரிடையே பரவி, சென்னை வரையில் எட்டியது.

பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களை எண்ணிப் பாடினார். இந்தியாவில் எழுந்த எதிர்ப்பின் பயனாக 1917இல் ஒப்பந்த ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1920 ஜனவரி முதல் நாள் பிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் நீங்கின. முறை ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை.

நம் துறைமுகத்தில் நடந்தது

கடல் கடந்த நாடுகளின் கதையைக் கேட்கும் நாம், நம் வாயிலில் நடந்ததை மறக்கலாகாது. கொச்சித் துறையின் முகப்பை அடைத்திருந்த மணல் திட்டு அகழப்பட்ட பின்னர், 1928 மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்தில் நுழைந்தது. அதன்பின் கப்பல்கள் பெருகின, வேலையும் பெருகியது. வேலை வழங்கிய முறையோ மனிதரை மனிதராகக் கருதாததாய் இருந்தது.

விடியற்காலையில் துறைமுகத் தொழிலாளர் கூட்டமாகத் திரள்வர். அன்றைய வேலைக்குரிய உலோக வில்லைகளை மேற்பார்வையாளன் கையில் ஏந்தி வருவான். அவற்றைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். பாய்ந்தும் புரண்டும் ஒருவரை ஒருவர் தள்ளியும் வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை உண்டு. பிடிக்க முடியாதவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. இவ்வில்லைக்குச் 'சாப்பா' என்று பெயர். போர்த்துகீசிய மொழியில் உலோகத் தகட்டைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலி உடையது. இலங்கையில் கழுத்தில் தொங்கிய தகர வில்லைக்கும், கொச்சியில் தரையில் விழுந்த இவ்வில்லைக்கும் பெரிய வேற்றுமை இல்லை. உழைப்பவனுக்கும் அவன் கூலிக்கும் நடுவே ஒரு தகட்டை வைத்து, அத்தகட்டைக் கொண்டு அவனை ஆட்டிவைத்தனர்.

இம்முறையை ஒழிக்க வேண்டும் என்று தொழிலாளர் 1953இல் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீஸார் துப்பாக்கியால் சுட்டனர். சையது, சையதலவி, அந்தோணி என்னும் தொழிலாளர் மூவர் அப்போராட்டத்தில் உயிர் இழந்தனர். துறைமுகத் தொழிலாளரின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, முறைவைத்து வேலை வழங்க வழிசெய்யும் சட்டம் 1948இலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டிருந்தது. அச்சட்டத்தின்படி அமைந்த தொழிலாளர் வாரியம் பின்னர் கொச்சிக்கும் வர, சாப்பா மறைந்தது. இவ்வரலாற்றை கே. எம். சிதம்பரன் நாடகமாக எழுதினார். அந்நாடகத்தைத் தழுவிய 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படம் 2023இல் வெளிவந்தது. நம் இளைஞர் அதனைக் காண வேண்டும். அவர்கள் நாள்தோறும் நடந்து செல்லும் தெருக்களின் கதை அது.

இன்று இச்சொல்லின் நிலை

1978இல் கேரள அரசு இயற்றிய சட்டம், மூட்டை சுமப்போரைச் 'சுமட்டுத் தொழிலாளி' என்று பெயரிட்டு, அவர்களுக்கு நல வாரியமும் அமைத்தது. கூலி என்பது மீண்டும் ஊதியத்தின் பெயராக மட்டும் நின்றது. உரிமை சில இடங்களில் எல்லை மீறியதும் உண்டு. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே பணம் கேட்கும் வழக்கம் 'நோக்குகூலி' எனப்பட்டது. 2018 மே முதல் நாள் முதல் அரசு அதனைத் தடுத்தது. உழைத்தவனுக்கே கூலி என்னும் பழைய அறத்துக்கு இத்தடையும் இசைந்ததே.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களின் பெண் தொழிலாளர், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தலைவர்களை நம்பாது தாமே சாலையில் அமர்ந்து போராடினர். 'பெம்பிளை ஒருமை' என்று தம் அமைப்புக்குப் பெயரிட்டனர். அன்று அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். குறைக்கப்பட்ட போனஸைத் திரும்பப் பெற்றதோடு, அடுத்த மாதம் நாட்கூலி 301 ரூபாயாக உயரவும் அவர்கள் போராட்டம் வழிசெய்தது. கூலி என்ற சொல்லை அவர்கள் தலைநிமிர்ந்து முழங்கினர். அவர்கள் வாயில் அது வசையாக ஒலிக்கவில்லை, உரிமையாக ஒலித்தது.

இரயில் நிலையங்களில் சுமை தூக்குவோரைக் கூலி என்று அழைப்பதை விடுத்து, 'சகாயக்' என்று அழைக்க வேண்டும் என 2016ஆம் ஆண்டு இரயில்வே வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தனர். மொரீஷியஸில் தொழிலாளர் வந்திறங்கிய 'கூலி காட்' என்னும் படித்துறை இன்று 'ஆப்ரவாசி காட்' எனப் பெயர் பெற்று, 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது. அதே தீவைச் சேர்ந்த கவிஞர் கால் தோராபுல்லி, இவ்வசைச்சொல்லையே வேராகக் கொண்டு 'கூலித்தனம்' என்று பொருள்படும் புதுச்சொல் ஒன்றைப் படைத்து, கடல் கடந்த உழைப்பாளரின் வரலாற்றைப் பெருமிதத்தோடு பாடினார். பெயரை மாற்றியும் மீட்கலாம். பெயரைத் தாங்கியும் மீட்கலாம்.

நாம் செய்ய வேண்டியது

இங்கே நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரயில் நிலையத்தில் இறங்கியதும் "கூலி!" என்று உரக்கக் கூவி அழைப்பவர் நம்மிலும் உண்டு. ஆங்கிலத்தில் உருமாறிய பொருள் நம் நாவுக்கே திரும்பி வந்துவிட்டது. ஒரு காலத்தில் நம்மைப் 'பாண்டி' என்று சிலர் ஏளனமாக அழைத்தபோது நாம் வருந்தினோம். பழம்பெரும் நாட்டின் பெயரே வசையாயிற்றே என்று நொந்தோம். இன்று அஸ்ஸாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கொச்சிக்கு வந்து உழைப்பவர் அனைவரையும் ஊர் கேளாமல், பெயர் கேளாமல் 'பங்காளி' என்ற ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் இங்கே பரவியுள்ளது. வங்காளத்தையே காணாதவனும் அப்பெயரையே சுமக்கிறான். நம் காலனியிலும் அக்குரல் கேட்கிறது. நேட்டாலில் இராமசாமியும் முத்துசாமியும் வெறும் 'சாமி' ஆனதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? துன்பத்தை அறிந்தவர் பிறருக்கு அதைச் செய்யலாகாது.

ஆதலின், அன்பர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இச்சொல்லின் வரலாற்றைச் சொல்லுங்கள். தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டால் மறைக்க வேண்டாம். பஜார் ரோட்டில் அவர் சுமந்த மூட்டைகளுக்குள் இருந்த மிளகும் சுக்கும் எந்த எந்த நாடுகளுக்குச் சென்றன என்பதையும் சொல்லுங்கள். வேலைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, அப்பெயரால் அழைத்து, அவருக்குரிய கூலியை அன்றே கொடுங்கள்.

அகராதியைக் கண்டு முகம் வாடிய அச்சிறுவனை இம்மலர் அச்சுக்குப் போகுமுன் நாம் சந்தித்தோம். அகராதியின் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'மூலப்பொருள்: உழைத்தவருக்குக் கொடுக்க வேண்டியது' என்று எழுதி வைத்திருந்தான். அவனுடைய தாத்தா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் தலையசைத்தாராம்.